ஆபரேஷனில் கட்டியை முழுசா எடுத்தும் மூளைப் புற்றுநோய் திரும்ப வருவது ஏன்? செல்கள் பரவும் வழி இதுதான்!

அமெரிக்க செனட்டர் ஜான் மெக்கெயினுக்கு 2017 ஜூலையில் மூளையில் ஆபரேஷன் நடந்தது. ஸ்கேனில் தெரிந்த கட்டி முழுவதும் அகற்றப்பட்டுவிட்டது என மருத்துவமனை அறிவித்தது. அதன்பிறகு ரேடியேஷன், கீமோ என சிகிச்சையும் தொடர்ந்தது. ஆனாலும் 2018 ஆகஸ்ட் 25ஆம் தேதி, 81வது வயதில் அவர் உயிரிழந்தார்.

அவருக்கு வந்திருந்த நோயின் பெயர் கிளியோபிளாஸ்டோமா. "கட்டியை முழுசா எடுத்தாச்சுன்னு சொன்னாங்களே, அப்புறம் எப்படி திரும்ப வந்துச்சு?" இந்த நோய் எட்டிப் பார்த்த வீடுகளில் எல்லாம் எழும் கேள்வி இது. டாக்டர் சரியா எடுக்கலையா, நாமதான் லேட் பண்ணிட்டோமா என்று குடும்பத்தினர் தங்களையே நொந்துகொள்வதும் உண்டு.

உண்மையான காரணம் வேறு. ஸ்கேனில் தெரியும் கட்டி, இந்த நோயின் ஒரு பகுதி மட்டும்தான். மீதி, தனித்தனி செல்களாக ஆரோக்கியமான மூளைக்குள் ஏற்கெனவே கிளம்பிப் போயிருக்கும். அவை எந்த வழியாகப் போகின்றன? எப்படி நகர்கின்றன? அதைத் தடுக்க முடியுமா? எளிமையாகப் பார்க்கலாம்.

எல்லா மூளைக்கட்டியும் இப்படித்தானா?

இல்லை. இதை முதலில் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். மூளையில் கட்டி என்றாலே உயிருக்கு ஆபத்தான புற்றுநோய் என்று அர்த்தம் இல்லை.

உதாரணத்துக்கு, மூளையைச் சுற்றியுள்ள உறையில் உருவாகும் 'மெனிஞ்சியோமா' கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல. அவை மூளையை வெளியிலிருந்து அழுத்துமே தவிர, பொதுவாக உள்ளே ஊடுருவாது. முழுமையாக அகற்றினால் பலருக்கு அத்தோடு பிரச்னை தீர்ந்துவிடும்.

இங்கே பேசப்போவது மூளைக்குள்ளேயே உருவாகும் 'கிளியோமா' வகையைப் பற்றி. மூளையில் நியூரான்கள் எனப்படும் நரம்பு செல்களுக்குத் துணையாக இருந்து பராமரிப்பு வேலை பார்ப்பவை கிளியல் செல்கள். அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த புற்றுநோய்தான் கிளியோமா. அதில் மிக வீரியமானது, உலக சுகாதார அமைப்பு 4ஆம் கிரேடில் வைத்திருக்கும் கிளியோபிளாஸ்டோமா. பெரியவர்களுக்கு மூளையிலேயே உருவாகும் புற்றுநோய்களில் அதிகம் காணப்படுவதும் இதுதான்.

இதில் ஒரு விநோதம் இருக்கிறது. நுரையீரல், மார்பகப் புற்றுநோய்கள் ரத்தத்தில் கலந்து மற்ற உறுப்புகளுக்குப் போகும். கிளியோபிளாஸ்டோமா அப்படி மூளையைத் தாண்டி வெளியே போவது மிக மிக அரிது. ஆனால் மூளைக்குள் அது போகாத இடம் இல்லை.

பாதி மூளையையே எடுத்துப் பார்த்தார் ஒரு டாக்டர்

சுற்றி இருக்கிற மூளையையும் சேர்த்து எடுத்துட்டா பிரச்னை தீர்ந்திடுமே? இந்த யோசனை கிட்டத்தட்ட 100 வருடங்களுக்கு முன்பே ஒருவருக்கு வந்தது.

அமெரிக்காவின் பால்டிமோர் நகரில், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் பணியாற்றிய பிரபல நரம்பியல் அறுவை சிகிச்சை நிபுணர் வால்டர் டாண்டி. வலது பக்க மூளையில் கிளியோமா வந்து, இடது பக்க கை, கால் ஏற்கெனவே செயலிழந்துபோன சிலரை அவர் தேர்வு செய்தார். அவர்களுக்கு வலது அரைக்கோளத்தையே, அதாவது கிட்டத்தட்ட பாதி பெருமூளையை அகற்றினார். 1928ல் அதுபற்றிய அறிக்கையை வெளியிட்டார்.

இன்று கேட்டாலும் அதிர்ச்சி தரும் ஆபரேஷன் இது. அதன்பிறகும் நோய் ஒழியவில்லை. மீதம் இருந்த மூளையிலும் புற்றுநோய் தலைகாட்டியது. ஆபரேஷன் டேபிளில் நோயாளி படுப்பதற்கு முன்பே செல்கள் அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்திருந்தன என்பதுதான் இதில் கிடைத்த பாடம்.

கிராமத்தில் விவசாயம் தெரிந்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். வயலில் முளைக்கும் கோரையை மேலாகப் பிடுங்கினால் அன்றைக்கு நிலம் சுத்தமாகத்தான் இருக்கும். ஆனால் மண்ணுக்கு அடியில் கிழங்கும் வேரும் கொடி கொடியாக ஓடியிருக்கும். நாலு நாள் கழித்து வேறொரு இடத்தில் தலை தூக்கும். கிளியோபிளாஸ்டோமாவின் குணமும் ஏறக்குறைய அதுதான்.

ஸ்கேனில் ஏன் தெரிவதில்லை?

எம்ஆர்ஐ எடுக்கும்போது நோயாளியின் ரத்தத்தில் 'கான்ட்ராஸ்ட்' எனப்படும் மருந்து ஏற்றப்படும். மூளையின் ரத்தக் குழாய்களுக்கு ஒரு சிறப்பு உண்டு. ரத்தத்தில் இருக்கும் பல பொருட்களை மூளைக்குள் விடாமல் தடுக்கும் காவல் சுவர் அவற்றில் இருக்கிறது. கட்டி பெரிதாக வளர்ந்த இடத்தில் இந்தச் சுவர் உடைந்துபோகும். அந்த ஓட்டை வழியாக மருந்து கசியும். அந்த இடம்தான் ஸ்கேனில் வெள்ளையாகப் பளிச்சென்று தெரிகிறது.

கட்டியிலிருந்து பிரிந்து தனியாகப் போகும் செல்கள் இருக்கும் பகுதியில் இந்தச் சுவர் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். அதனால் மருந்து கசியாது, ஸ்கேனிலும் எதுவும் தெரியாது. லட்சக்கணக்கான நல்ல செல்களுக்கு நடுவே ஒன்றிரண்டாகக் கிடக்கும் புற்றுநோய் செல்களைக் கண்டுபிடிக்கும் அளவுக்கு எம்ஆர்ஐயின் பார்வையும் நுணுக்கமானது அல்ல.

இன்னொரு சிக்கலும் இதில் இருக்கிறது. கீமோ மருந்துகள் பலவற்றையும் இதே காவல் சுவர் உள்ளே விடாது. அதாவது, தப்பி ஓடிய செல்களுக்கு நம் உடம்பே பாதுகாப்பு கொடுப்பது போல ஆகிவிடுகிறது.

எந்த ரூட்டில் போகின்றன?

பெல்ஜியம் நாட்டின் ஆன்ட்வெர்ப் நகரில் ஆய்வு செய்த ஹான்ஸ் ஜோகிம் ஷெரர் என்ற நோயியல் நிபுணர், 1938ல் இதற்கு முக்கியமான விடையைக் கொடுத்தார். இறந்த நோயாளிகளின் மூளையை மெல்லிய துண்டுகளாக்கி மைக்ரோஸ்கோப்பில் பார்த்தபோது, இந்த செல்கள் இஷ்டத்துக்குப் பரவவில்லை, மூளையில் ஏற்கெனவே இருக்கும் பாதைகளைப் பிடித்துக்கொண்டு போகின்றன என்பது தெரிந்தது. முக்கியமாக 4 பாதைகள்.

1. நரம்பிழைக் கற்றைகள்: மூளையின் ஒரு பகுதியை இன்னொரு பகுதியுடன் இணைக்கும் 'கேபிள்' கட்டுகள் இவை. இவற்றில் மிகப் பெரியது, இடது, வலது மூளைகளை இணைக்கும் பாலம். இந்தப் பாலம் வழியாகக் கட்டி இரண்டு பக்கமும் பரவினால், ஸ்கேனில் பட்டாம்பூச்சி இறக்கை விரித்தது போலத் தெரியும். டாக்டர்களும் அதை 'பட்டாம்பூச்சி கிளியோமா' என்றே அழைக்கிறார்கள்.

2. ரத்தக் குழாய்களின் வெளிப்புறம்: இந்த செல்கள் ரத்தத்துக்குள் இறங்குவதில்லை. குழாயின் வெளிச்சுவரைப் பற்றிக்கொண்டு ஊர்ந்து போகின்றன. போகிற வழியில் சத்தும் ஆக்சிஜனும் பக்கத்திலேயே கிடைக்கிறது.

3. மூளையின் மேல்பரப்பு: வெளி உறைக்குச் சற்று கீழே இருக்கும் மெல்லிய அடுக்கு வழியாகப் படர்கின்றன.

4. நியூரான்களைச் சுற்றி: நரம்பு செல்களைக் குட்டிக் குட்டி உபகிரகங்கள் போலச் சூழ்ந்து நிற்கின்றன.

ஷெரர் சொல்லி 80 வருடங்களுக்கு மேல் ஆகியும், இந்தப் பட்டியல் இன்னமும் மருத்துவப் பாடங்களில் இருக்கிறது.

இடமே இல்லாத இடத்தில் எப்படி நுழைகின்றன?

மூளைக்குள் செல்களுக்கு இடையே உள்ள இடைவெளி மிக மிகக் குறைவு. ஒரு தலைமுடியின் தடிமனை ஆயிரத்துக்கும் மேற்பட்ட பங்காகப் பிரித்தால் வரும் ஒரு பங்கு அளவுதான் பல இடங்களில் இருக்கும். இதற்குள் ஒரு முழு செல் நுழைய வேண்டும். இதற்காக அது 3 வேலைகளைச் செய்கிறது.

முதலாவது, வழியை வெட்டுவது. செல்களுக்கு இடையே ஜெல்லி போன்ற ஒரு நிரப்புப் பொருள் இருக்கிறது. அதைக் கரைக்கும் என்சைம்களைப் புற்றுநோய் செல் சுரக்கிறது.

இரண்டாவது, உடம்பைச் சுருக்குவது. செல்லுக்குள் இருக்கும் குளோரைடு, பொட்டாசியம் போன்ற உப்புகளை வெளியேற்றினால் தண்ணீரும் கூடவே வெளியேறிவிடும். செல் சிறுத்துப் போகும். குறுகலான இடத்தைத் தாண்டியதும் பழையபடி ஊதிக்கொள்ளும்.

மூன்றாவதுதான் கஷ்டமான வேலை. செல்லின் மற்ற பாகங்கள் எல்லாம் ஓரளவு வளையும். ஆனால் நடுவில் இருக்கும் உட்கரு பெரியது, கொஞ்சம் விறைப்பானது. கேட் கம்பி இடுக்கில் பூனைக்குத் தலை நுழைந்துவிட்டால் உடம்பும் நுழைந்துவிடும் என்பார்கள். இந்த செல்லுக்குத் 'தலை' அந்த உட்கருதான். முதலில் மெல்லிய கை ஒன்றை முன்னால் நீட்டிப் பிடித்துக்கொள்ளும். பிறகு நம் தசைகளில் இருப்பது போன்ற 'மயோசின்' என்ற புரதத்தைப் பயன்படுத்தி, உட்கருவைப் பின்னாலிருந்து இறுக்கி முன்னே தள்ளும். கரு தாண்டியதும் மீதி உடம்பு தானாக வந்து சேரும். மறுபடி கையை நீட்டும். இப்படியே நகர்ந்துகொண்டே இருக்கும்.

இது புற்றுநோய் புதிதாகக் கண்டுபிடித்த வித்தை அல்ல. கரு வளரும்போது, குழந்தையின் மூளையில் இளம் செல்கள் தங்கள் இடத்தைத் தேடிப் போவது கிட்டத்தட்ட இதே முறையில்தான். வளர்ந்த பிறகு மூடி வைக்கப்பட்ட அந்த ஆற்றலை, கிளியோபிளாஸ்டோமா மறுபடி திறந்துகொள்கிறது.

தனி செல்கள் அல்ல, ஒரு நெட்வொர்க்!

2015ல் ஜெர்மனியின் ஹைடல்பெர்க் நகர ஆய்வாளர்கள், இந்த நோயைப் பற்றிய பார்வையையே மாற்றிய ஒரு முடிவை வெளியிட்டனர். ஃபிராங்க் விங்க்லர் தலைமையிலான குழு, மனிதக் கட்டி செல்களைச் சுண்டெலிகளின் மூளையில் வளர்த்து, மண்டை ஓட்டில் சிறிய கண்ணாடி ஜன்னல் வைத்து, மாதக்கணக்கில் மைக்ரோஸ்கோப் வழியாகக் கவனித்தது.

அப்போது தெரிந்தது, இந்த செல்கள் நீளமான மெல்லிய குழாய்களை நீட்டி ஒன்றோடொன்று கைகோத்து நிற்கின்றன என்பது. சில குழாய்களின் நீளம் அரை மில்லிமீட்டரையும் தாண்டியது. ஒரு செல்லுக்கு இது பெரிய தூரம். இந்தக் குழாய்கள் வழியாக செல்கள் கால்சியம் சிக்னல்களைப் பரிமாறிக்கொள்கின்றன. ரேடியேஷன் கொடுத்தபோது, இப்படி இணைந்திருந்த செல்கள் அதிகம் தப்பின, தனியாக இருந்தவை அதிகம் அழிந்தன.

அதே குழு 2017ல் வெளியிட்ட ஆய்வில் இன்னொரு விஷயமும் தெரியவந்தது. அறுவை சிகிச்சை போல ஒரு காயத்தை ஏற்படுத்தியபோது, மீதம் இருந்த செல்கள் அந்த இடத்தை நோக்கிக் குழாய்களை நீட்டி மறுபடி நிரம்பின. ஆபரேஷன் செய்த இடத்தின் ஓரத்திலேயே பலருக்கும் நோய் திரும்புவதற்கான காரணங்களில் ஒன்றாக இது பார்க்கப்படுகிறது.

மூளையே கரண்ட் கொடுக்கிறதா?

2019ல் இன்னும் பெரிய அதிர்ச்சி வந்தது. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் மிஷெல் மோஞ்சே குழுவும், ஜெர்மனியில் விங்க்லர் உள்ளிட்டோரின் குழுவும் ஒரே நேரத்தில் ஒரே விஷயத்தைக் கண்டறிந்தன. நியூரான்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ள 'சினாப்ஸ்' என்ற இணைப்பைப் பயன்படுத்துகின்றன. அதே இணைப்பு நியூரான்களுக்கும் புற்றுநோய் செல்களுக்கும் இடையிலும் இருக்கிறது!

அதாவது, நாம் யோசிக்கும்போதும், பேசும்போதும், கை கால்களை அசைக்கும்போதும் மூளையில் ஓடும் சிக்னல்களைப் புற்றுநோய் செல்களும் வாங்கிக்கொள்கின்றன. அந்த சிக்னல் அவை வளரவும் நகரவும் உதவுகிறது. 2022ல் வந்த ஹைடல்பெர்க் ஆய்வு இதை மேலும் தெளிவாக்கியது. கட்டியின் விளிம்பைத் தாண்டி முன்னால் ஓடும் செல்களில் பெரும்பாலானவை இன்னும் அந்தக் குழாய் நெட்வொர்க்கில் சேராதவை. நியூரான்களிடமிருந்து சிக்னல் வாங்கி, அவை இன்னும் சுறுசுறுப்பாகப் புது இடங்களுக்குள் நுழைகின்றன.

பதிலுக்குக் கட்டி செல்களும் சும்மா இருப்பதில்லை. 'குளூட்டமேட்' என்ற ரசாயனத்தை வெளியிட்டு, பக்கத்து நியூரான்களைக் கூடுதலாகத் தூண்டிவிடுகின்றன. இந்த நோயாளிகள் பலருக்கு வலிப்பு வருவதற்கு இதுவும் ஒரு காரணம். நியூரான் தூண்டப்பட்டால் கட்டிக்கு லாபம், கட்டி வளர்ந்தால் நியூரான் இன்னும் தூண்டப்படும். இப்படி ஒரு விஷச் சுழல் உருவாகிறது.

நரம்பியலையும் புற்றுநோய் ஆய்வையும் இணைத்த இந்தப் பணிக்காக, மோஞ்சே, விங்க்லர் இருவருக்கும் 2025ஆம் ஆண்டின் 'பிரெய்ன் பிரைஸ்' விருது வழங்கப்பட்டது.

அப்படின்னா ஆபரேஷனே வேண்டாமா?

கண்டிப்பாக அப்படி இல்லை. செல்கள் பரவியிருந்தாலும், கட்டியின் பெரும்பகுதியைப் பாதுகாப்பாக எடுக்க முடிந்த நோயாளிகள் பொதுவாக அதிக நாட்கள் வாழ்கிறார்கள். மண்டைக்குள் அழுத்தம் குறைவதால் தலைவலி, வாந்தி, மயக்கம் போன்ற தொல்லைகளும் குறையும். எடுத்த திசுவைப் பரிசோதித்தால்தான் இது எந்த வகைக் கட்டி என்பதும் உறுதியாகும்.

எவ்வளவு எடுப்பது என்பதில்தான் சிக்கல். வயிற்றில் கட்டி என்றால் சுற்றியுள்ள நல்ல திசுவையும் சேர்த்து வெட்டலாம். மூளையில் ஒரு சென்டிமீட்டர் கூடுதலாக வெட்டினால் பேச்சு போகலாம், கை விளங்காமல் போகலாம். அதனால்தான் சில ஆபரேஷன்களில் நோயாளியை விழிப்பிலேயே வைத்து, பேசச் சொல்லிக்கொண்டே கட்டியை அகற்றுகிறார்கள்.

கட்டியை ஒளிர வைக்கும் மருந்தும் இருக்கிறது. '5-ஏஎல்ஏ' என்ற திரவத்தை ஆபரேஷனுக்குச் சில மணி நேரம் முன்பு குடிக்க வைப்பார்கள். நீல ஒளியில் பார்க்கும்போது கட்டி இளஞ்சிவப்பாக ஒளிரும். ஜெர்மனியில் நடந்த ஆய்வு 2006ல் வெளியானது. ஸ்கேனில் தெரியும் கட்டியை முழுமையாக அகற்ற முடிந்தவர்கள் சாதாரண முறையில் 36 சதவீதம், இந்த மருந்துடன் 65 சதவீதம்.

ஆபரேஷனுக்குப் பிறகு சுமார் 6 வாரங்களுக்கு ரேடியேஷன் கொடுக்கப்படும். கட்டி இருந்த இடத்துக்கு மட்டுமல்ல, அதைச் சுற்றி ஏறக்குறைய 2 சென்டிமீட்டர் வரையும் கதிர் பாயும். ஏனென்றால், நோய் பெரும்பாலும் திரும்ப வருவது அந்த வட்டத்துக்குள்தான். கூடவே, காவல் சுவரைத் தாண்டிப் போகக்கூடிய 'டெமோசோலமைடு' மாத்திரை.

இந்த மாத்திரையின் பலனை உறுதிசெய்த ஆய்வு 2005ல் வந்தது. ரேடியேஷன் மட்டும் பெற்றவர்களின் இடைநிலை ஆயுள் 12.1 மாதம். மாத்திரையும் சேர்த்து எடுத்தவர்களுக்கு 14.6 மாதம். கூடுதல் வெறும் இரண்டரை மாதம்தானே என்று தோன்றும். ஆனால் 2 ஆண்டுகளுக்குப் பிறகும் உயிரோடு இருந்தவர்கள் 10.4 சதவீதத்தில் இருந்து 26.5 சதவீதமாக உயர்ந்தார்கள். இடைநிலை என்றால் பாதிப்பேர் அதைத் தாண்டியும் வாழ்ந்தார்கள் என்று பொருள். மாத்திரை எடுத்தவர்களில் கிட்டத்தட்ட 10 சதவீதம் பேர் 5 ஆண்டுகளைக் கடந்தனர்.

அடுத்து என்ன?

செல்கள் ஓடுவதைத் தடுப்பதுதான் இப்போதைய இலக்கு. நியூரான் சிக்னலைப் புற்றுநோய் செல் வாங்கும் அதே 'வாசலை' அடைக்கும் மருந்து ஏற்கெனவே வலிப்பு நோய்க்குப் பயன்பாட்டில் இருக்கிறது. பெயர் பெராம்பனெல். சுண்டெலிகளில் இது கட்டியின் வளர்ச்சியையும் பரவலையும் குறைத்தது. மனிதர்களிடம் பலன் தருமா என்று அறிய ஜெர்மனியில் மருத்துவப் பரிசோதனை தொடங்கப்பட்டுள்ளது. முடிவு தெரியாமல் யாரும் இதைத் தாங்களாகவே வாங்கிச் சாப்பிடக் கூடாது. எலிக்கு வேலை செய்த பல மருந்துகள் மனிதர்களிடம் தோற்றுப்போயிருக்கின்றன.

குடும்பத்தினர் டாக்டரிடம் கேட்க வேண்டியவை

கட்டியின் சரியான பெயர் என்ன, எந்த கிரேடு?

ஐடிஹெச், எம்ஜிஎம்டி ஆகிய மரபணுப் பரிசோதனைகள் செய்யப்பட்டதா? கட்டி எந்த வகை, கீமோ மாத்திரை எவ்வளவு பலன் தரும் என்பதைக் கணிக்க இவை உதவும்.

ஆபரேஷனுக்குப் பிந்தைய ஸ்கேனில் எவ்வளவு மீதம் தெரிகிறது?

அடுத்த எம்ஆர்ஐ எப்போது? பொதுவாக 2 முதல் 3 மாதங்களுக்கு ஒருமுறை எடுக்கச் சொல்வார்கள். நோயாளி நன்றாகத்தானே இருக்கிறார் என்று இதைத் தள்ளிப் போடக் கூடாது.

'முழுசா எடுத்தாச்சு' என்று டாக்டர் சொன்னால், 'ஸ்கேனில் தெரிந்ததை முழுசா எடுத்தாச்சு' என்றுதான் அதைப் புரிந்துகொள்ள வேண்டும். நோய் திரும்பினால் அதற்கு டாக்டரின் கைத்தவறோ, குடும்பத்தினரின் கவனக்குறைவோதான் காரணம் என்று நினைக்கத் தேவையில்லை. கட்டி கண்டுபிடிக்கப்பட்ட நாளுக்கு முன்பே அந்த செல்கள் தங்கள் பயணத்தைத் தொடங்கியிருந்தன.